உண்ணிக்குள் ஒரு குடித்தனம்

ஆனி பிறந்துவிட்டால் ஆய்க்குடிக்கு மேற்கே இருக்கும் மலை பல நாள்களுக்குக் கண்ணில் படாது. மேகம் இறங்கி மூடிவிடும். ஆரியங்காவு கணவாய் வழியாகப் புகுந்துவரும் காற்று, குற்றாலத்தில் அருவியைக் கொட்டவைத்துவிட்டு, மிச்சத்தைச் சாரலாகத் தென்காசி, ஆய்க்குடி, சாம்பவர்வடகரை வயல்களின் மேல் தூவிக்கொண்டே போகும். பெருமழை கிடையாது. தலை நனையும், தரை நனையும், அவ்வளவுதான். ஆனால், அந்த ஈரமே வரப்புக்குப் போதும். புல் தலைகாட்டும். புல் தலைகாட்டினால் மாடு வெளியே வரும். மாடு வெளியே போய்த் திரும்பினால், அதோடு சேர்ந்து உண்ணியும் வீட்டுக்கு வரும்.

தென்காசியிலிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஆய்க்குடி பேரூராட்சி. 2019-ம் ஆண்டு நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்துக்குள் வருகிறது. வெளியூர்க்காரர்கள் இங்கே வருவது பாலசுப்பிரமணிய சுவாமியைப் பார்க்க. கோயிலை ஒட்டி அனுமன் நதி ஓடுகிறது. அதன் படிகளில் பாயசத்தை வார்த்து, குழந்தைகள் எடுத்து உண்ணும் ‘படிப் பாயசம்’ இந்தக் கோயிலின் பேர்பெற்ற நேர்த்திக்கடன். மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கத்தைத் தேடி வருபவர்களும் உண்டு. ஊரைச் சுற்றி நெல் வயல், குளம், தென்னந்தோப்பு. மேற்கே பார்த்தால் மலை.

ஊரின் இன்னொரு முகத்தைப் பார்க்க, பொழுது சாயும் நேரத்தில் தொழுவத்துப் பக்கம் போக வேண்டும். மேய்ந்து திரும்பிய மாட்டைக் கட்டியதும், வீட்டுப் பெண்கள் காது மடலைத் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு தாடை, வாலடி, மடி இடுக்கு. கையில் ஒரு பழைய டப்பா, அதில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். பிடுங்கிய உண்ணிகள் ஒவ்வொன்றாக அதில் விழும். இந்த வேலைக்கு நடுவே எழும் கேள்வி ஒன்று உண்டு. ‘மாட்டுக்கு மாடு நோயைக் கொண்டுபோய்க் கொடுக்குதே, இந்த உண்ணிக்கு மட்டும் ஏன் ஒரு காய்ச்சலும் வரமாட்டேங்குது?’

கேட்க வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான்.

எல்லாம் உண்ணிதான், ஆனால் ஒரே உண்ணி இல்லை

மாட்டில் அதிகம் காணப்படுவது, சுருங்கச் சொன்னால் ‘மாட்டு உண்ணி’. அறிவியல் பெயர் ரிபிசெபாலஸ் மைக்ரோபிளஸ். குஞ்சாக மாட்டில் ஏறினால், வளர்ந்து, இணைசேர்ந்து, ரத்தம் குடித்துப் பருத்து விழும் வரை அதே மாடுதான் அதற்கு வீடு. இதற்குச் சுமார் 3 வாரம் ஆகும். விழுந்த பெண் உண்ணி, தொழுவத்து வெடிப்பிலோ சாணக் குப்பையடியிலோ போய் 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரித்த குஞ்சுகள் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும்.

கோடு போட்ட நீண்ட கால்களோடு ஓடும் இன்னொரு வகை, ஹயலோமா. இது ஒரே பிராணியோடு நிற்பதில்லை, ஆள் மாறும். கலப்பினப் பசுக்களைக் கொல்லும் தைலேரியா நோயைக் கடத்துவது இதுதான். மாட்டு உண்ணி கடத்துவது பபீசியாவையும் அனாபிளாஸ்மாவையும். மாடு சிவப்பாகச் சிறுநீர் கழித்தால் பபீசியாவை நினைக்க வேண்டும். கடுங்காய்ச்சலோடு கழுத்து, தோள் பக்கத்தில் நெறி கட்டினால் தைலேரியாவை நினைக்க வேண்டும். நாட்டு மாடுகள் உண்ணியை ஓரளவு தாங்கும். ஜெர்சி கலப்பினங்கள் அவ்வளவு தாங்குவதில்லை.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிட வேண்டும். மனிதர்களுக்கு வரும் ‘ஸ்க்ரப் டைபஸ்’ நோயைத் தமிழில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகிறார்கள். அதைப் பரப்புவது மாட்டு உண்ணி அல்ல. புதர்களில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிலந்திப்பேனின் இளங்குஞ்சு. நோய்க்குக் காரணம் வைரஸும் அல்ல, ஒரு பாக்டீரியா. காய்ச்சலோடு உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த புண் இருந்தால், மருத்துவரிடம் அதைக் காட்டிச் சொல்ல வேண்டும். உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும் நோய் அது.

அதே மலை, வடக்கே ஒரு காடு

ஆய்க்குடியிலிருந்து பார்த்தால் தெரியும் இந்த மலைத்தொடர் வடக்கே நீண்டு கர்நாடகத்துக்குள் போகிறது. அங்கே ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்ற காடு இருக்கிறது. 1957-ல் அந்தக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குள் போய்வந்த மனிதர்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. 1952-ல் புனேயில் தொடங்கப்பட்டிருந்த வைரஸ் ஆய்வு மையத்தினர் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) வந்து பார்த்து, அதுவரை அறியப்படாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வைரஸைக் கடத்துவது ஹெமாபிசாலிஸ் என்ற காட்டு உண்ணி என்பதும் தெரியவந்தது. இன்று அதற்குப் பெயர் கியாசனூர் காட்டு நோய். மக்கள் வழக்கில் குரங்குக் காய்ச்சல். பின்னாளில் நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் பல இடங்களில் அதன் தடம் தெரிந்தது.

மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு. இந்த வைரஸால் மாட்டுக்கு நோய் வருவதில்லை. ஆனால், வளர்ந்த காட்டு உண்ணிகளுக்கு மாடு நல்ல இரை. காட்டுக்குள் மாடு மேய மேய, உண்ணியின் எண்ணிக்கை பெருகும். நோய் மாட்டில் இல்லை என்றாலும் நோயைத் தூக்கித் திரியும் உண்ணிக்கு மாடு சோறு போடுகிறது.

ஆட்டுக்காரர்களுக்கும் ஒரு கதை உண்டு. 1954-ல் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஆடுகளிலிருந்து எடுத்த உண்ணிகளில் ஒரு வைரஸ் கிடைத்தது. ‘கஞ்சம் வைரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்காவில் ஆடுகளைக் கொல்லும் ‘நைரோபி செம்மறி நோய்’ வைரஸ் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. இரண்டும் வேறு வேறு என்றே நெடுங்காலம் பதிவேட்டில் கிடந்தன. 2002-ல் இரண்டின் மரபணுக்களையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், இரண்டும் ஒரே வைரஸின் இரு வடிவங்கள் என்பது உறுதியானது. உருவத்தைப் பார்த்து ஊரை மட்டும் சொல்ல முடிந்த இடத்தில், மரபணுவைப் படித்தபோது குலமும் தெரிந்துவிட்டது.

உறைமோர் போல ஒரு வளர்ப்பு

ஒரு வைரஸை ஆராய வேண்டுமென்றால் அதை வளர்க்க வேண்டும். வைரஸ் தனியே வளராது. உயிருள்ள செல் வேண்டும். உண்ணி வைரஸுக்கு உண்ணியின் செல்லே உகந்தது. அதற்காக ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில் உண்ணி பிடித்துக்கொண்டிருக்க முடியாது. எனவே உண்ணியின் செல்லை மட்டும் தனியே எடுத்துக் குழாயில் வளர்க்கும் முறை வந்தது.

இதில் இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு பெயர் எம்.ஜி.ஆர்.வர்மா. காட்டு உண்ணி கியாசனூர் வைரஸை எப்படிக் கடத்துகிறது என்று 1960-ல் வெளியான ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர். பிறகு லண்டனில், மேரி பட்னி, சி.ஜே.லீக் ஆகியோரோடு சேர்ந்து, தொடர்ந்து வளரும் முதல் உண்ணி செல் வரிசைகளை 1975-ல் அறிவித்தார். ஆப்பிரிக்க மாடுகளின் காதில் ஒட்டும் ஒரு பழுப்பு உண்ணியின் திசுவிலிருந்து எடுக்கப்பட்டவை அவை.

நம் வீட்டு உறைமோரை நினைத்துக்கொண்டால் இந்த வேலை எளிதில் புரியும். நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. இன்றையதிலிருந்து ஒரு கரண்டி நாளைய பாலுக்கு. பானை மாறும், பால் மாறும், உறை மட்டும் தொடரும். உண்ணி செல்லும் அப்படித்தான். உண்ணி முட்டையின் மேல்புறத்தைக் கிருமிநீக்கம் செய்து, உள்ளிருக்கும் கருவை நசுக்கி, சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின், கன்றின் ரத்தநீர் கலந்த சத்துக் கரைசலில் விடுகிறார்கள். சுமார் 28 முதல் 34 டிகிரி வெப்பத்தில் மெள்ள மெள்ளப் பெருகும். குழாய் நிறையவே மாதக்கணக்கில் ஆகும். நிறைந்ததும் பாதியை அடுத்த குழாய்க்கு மாற்றுவார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வரும் வம்சத்துக்குப் பெயர்தான் செல் வரிசை. நம் விதை வங்கி போல இவற்றைக் காத்துவைக்க 2009-ல் பிரிட்டனில் ஓர் உண்ணி செல் வங்கி தொடங்கப்பட்டது. இப்போது லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. மலேசியா, கென்யா, பிரேசில் ஆகிய நாடுகளிலும் அதற்குக் கிளைகள் உண்டு.

உறைமோர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. உறைக்குள் வேறு ஏதாவது சேர்ந்துவிட்டால், அதுவும் பானைக்குப் பானை தொடரும். உண்ணி செல்லிலும் அதுதான் நடந்தது. முட்டையின் மேல்புறத்தை எவ்வளவு கழுவினாலும், தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குள் வந்த விருந்தாளியைக் கழுவ முடியாது.

சத்தமில்லாத குடித்தனம்

மாட்டின் செல்லிலோ குரங்கின் செல்லிலோ வைரஸ் புகுந்தால், பெரும்பாலும் செல் உருண்டு, சுருங்கி, குழாயின் சுவரிலிருந்து பெயர்ந்து விழும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும். உண்ணி செல்லில் அப்படி எதுவும் தெரியாது. செல் வழக்கம்போலப் பிரியும், பெருகும். உள்ளே வைரஸ் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தும்.

இதற்கு நல்ல உதாரணம் செயின்ட் குரோய் ரிவர் வைரஸ். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உல்ரிகே முண்டர்லோ குழுவினர் ஒருவகைக் கறுங்கால் உண்ணியின் கருவிலிருந்து செல் வரிசைகளை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றுக்குள் இந்த வைரஸ் இருந்தது. 2001-ல் ஹூசாம் அட்டுய் குழுவினர் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். மொத்தம் 10 துண்டுகள். செம்மறி ஆடு வைத்திருப்போர் நன்கறிந்த நீலநாக்கு நோய் வைரஸுக்கும் 10 துண்டுகள்தான். இரண்டும் ஒரே இனத்தின் பங்காளிகள். ஆனால், நீலநாக்கு ஆட்டைத் தாக்கும். இதுவோ உண்ணியோடு நின்றுவிடும் வைரஸ்.

அடுத்து 2012-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பு வெளியானது. 50-க்கும் மேற்பட்ட உண்ணி செல் வரிசைகளைச் சோதித்தார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது பல வரிசைகளில் வைரஸ் துகள்கள் தெரிந்தன. செயின்ட் குரோய் ரிவர் வைரஸாக இருக்குமோ என்று அதற்குரிய பி.சி.ஆர். சோதனை செய்தால், 4 வரிசைகளில் மட்டுமே ‘ஆம்’ என்று வந்தது. மற்றவற்றில் கண்ணுக்குத் தெரிவது என்ன? பெயர் வைக்கப்படாத வேறு வைரஸ்கள் இருக்கக்கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனிதர்களைத் தாக்கும் கிரிமியன் காங்கோ காய்ச்சல் வைரஸ் எதிலும் இல்லை என்பதும் உறுதியானது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், வீடு வீடாகக் கணக்கெடுப்பதும்

பி.சி.ஆர். என்பது தெருமுனையில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போல. அந்தப் பெயருக்குரியவர் இருந்தால் குரல் கொடுப்பார். பெயர் தெரியாதவரை எப்படிக் கூப்பிடுவது? அதற்கு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். மரபணு வரிசையைப் படிக்கும் முறை அந்த வேலையைச் செய்கிறது.

செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ. முழுவதையும் பிரித்தெடுக்கிறார்கள். அதை டி.என்.ஏ.வாக மாற்றி, சிறு துண்டுகளாக்கி, கருவியில் கொடுத்தால், ஒவ்வொரு துண்டிலும் உள்ள எழுத்துகளை அது படித்துத் தரும். லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் துண்டுகள் வரும். கரையான் அரித்த பழைய கணக்குப் புத்தகத்தின் காகிதத் துண்டுகளை, ஒன்றின் கடைசி வார்த்தையும் மற்றதன் முதல் வார்த்தையும் ஒத்துப்போவதைப் பார்த்து ஒட்டுவது போல, கணினி அவற்றை ஒட்டும். உண்ணிக்குரிய பக்கங்களை ஒதுக்கிவிட்டால், மிச்சமிருப்பது யாருடையது என்று அறியப்பட்ட வைரஸ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2017-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், உலகெங்கும் பயன்பட்டுவரும் ஒரு கறுங்கால் உண்ணி செல் வரிசையில் இப்படித்தான் வைரஸ் ஆர்.என்.ஏ.வின் வரிகளைக் கண்டார்கள்.

வரி கிடைத்ததாலேயே வைரஸ் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு இடத்தில் ஏமாறலாம். எப்போதோ புகுந்த வைரஸின் துண்டு, உண்ணியின் சொந்த டி.என்.ஏ.விலேயே தைக்கப்பட்டுக் கிடக்கலாம். அது வெறும் பழைய தழும்பு. அல்லது, சத்துக் கரைசலில் சேர்த்த கன்றின் ரத்தநீரோடு மாட்டு வைரஸ் வந்திருக்கலாம். அதனால், அந்த வரி டி.என்.ஏ.விலும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் துகள் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். இன்னொரு சாட்சியும் உண்டு. உண்ணி செல், தனக்குள் பெருகும் வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பெரும்பாலும் 22 எழுத்து நீளத் துணுக்குகளாக வெட்டும். அந்தத் துணுக்குகள் குவிந்து கிடந்தால், அங்கே இப்போதும் சண்டை நடக்கிறது என்று அர்த்தம்.

தொழுவத்தில் எழுந்த கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இந்த வெட்டில் இருக்கிறது. உண்ணி செல் வைரஸை வெட்டிக் குறைக்கிறது, முற்றாக ஒழிப்பதில்லை. வைரஸும் பெருகுகிறது, குடியிருக்கும் வீட்டை இடிப்பதில்லை. நீண்ட காலப் பழக்கத்தில் இரண்டும் ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டன. அதனால்தான் உண்ணிக்குக் காய்ச்சல் இல்லை. அந்த உடன்பாடு நம் மாட்டோடும் நம்மோடும் இல்லை என்பதுதான் சிக்கல்.

ஆய்க்குடி மாட்டுக்கு இதனால் என்ன?

முதல் பயன், நோயை அடையாளம் காண்பதில். நாளை எங்கோ மாடு செத்து, அதன் உண்ணியிலிருந்து ஒரு வைரஸைச் செல் வரிசையில் வளர்த்தெடுத்தால், அது மாட்டிலிருந்து வந்ததா, அந்தக் குழாயில் முன்பே குடியிருந்ததா என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால், குற்றவாளியை விட்டுவிட்டு வீட்டுக்காரனைப் பிடித்த கதையாகிவிடும்.

இரண்டாவது, மருந்திலும் தடுப்பூசியிலும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளுக்கு மாட்டு உண்ணி பழகிவிட்டது என்பது இந்தியாவின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. உண்ணிக்கு எதிராக மாட்டுக்கே போடும் தடுப்பூசிகள் 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் வந்தன. புது மருந்துகளைத் தேடும் வேலையில் உண்ணி செல்களுக்கும் பங்கு உண்டு. சோதிக்கும் செல்லுக்குள் யாருக்கும் தெரியாத வைரஸ் இருந்தால், கிடைக்கும் முடிவு மருந்தால் வந்ததா, வைரஸால் வந்ததா என்று சொல்ல முடியாது. விதைநெல்லில் கலப்பு இருந்தால் அறுவடையில் தெரிவது போல, இங்கே அது தெரியவரும்போது பல ஆண்டு உழைப்பு வீணாகியிருக்கும்.

மூன்றாவது, வீண் பயத்தைத் தவிர்ப்பதில். ‘உண்ணியில் புதிய வைரஸ்’ என்று செய்தி வந்தால் மாட்டை விற்றுவிட ஓட வேண்டியதில்லை. உண்ணியில் வைரஸ் இருப்பதும், அது நோய் உண்டாக்குவதும் வேறு வேறு.

வீட்டில் செய்ய வேண்டியது

உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது. நெருப்பால் சுடவும் கூடாது. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும். காடு ஒட்டிய இடத்துக்கு மேய்க்கப் போனவர்கள், வீடு திரும்பியதும் தங்கள் உடம்பையும் உடையையும் பார்த்துக்கொள்வது அவசியம். அதன் பிறகு காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மாட்டில் இருப்பதை மட்டும் ஒழித்தால் போதாது. தொழுவத்து வெடிப்புகளைப் பூச வேண்டும். சாணக் குப்பையைத் தொழுவத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது. கடையில் வாங்கிய மருந்தைக் கண்ணளவில் கலப்பதும், குறைந்த அளவில் அடிக்கடி அடிப்பதும்தான் உண்ணியைப் பழக்கிவிடுகின்றன. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

மரபுவழி மூலிகைக் கலவையும் உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மாட்டின் உடம்பில் தெளிக்கலாம்; துணியில் நனைத்தும் துடைக்கலாம். வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். தொழுவத்து இடுக்குகளிலும் அடிக்கலாம். உண்ணிச்செடியை மாடு தின்றால் நஞ்சு என்பதால், அரைத்த சக்கையை மாட்டுக்கு எட்டாத இடத்தில் புதைத்துவிட வேண்டும்.

மாடு காய்ச்சலில் படுத்தால், 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். பிடுங்கிய உண்ணியில் நாலைந்தை ஒரு சிறு புட்டியில் போட்டு, எந்த மாடு, எங்கே மேய்ந்தது, என்றைக்கு எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தால் நல்லது. திருநெல்வேலி அருகே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. எந்த ஆய்வுக்கூடமானாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத உண்ணியை வைத்துக்கொண்டு அதிகம் சொல்லிவிட முடியாது. அந்தச் சீட்டை எழுத மாட்டுக்காரரால் மட்டுமே முடியும்.

இருட்டிவிட்டது. சாரல் மறுபடியும் தொடங்குகிறது. ஆய்க்குடித் தொழுவத்தில் கடைசி மாட்டின் காதையும் திருப்பிப் பார்த்தாகிவிட்டது. டப்பாவின் அடியில் ஏழெட்டு உண்ணிகள். நாளைக்கும் மாடு மேயப் போகும், நாளைக்கும் காதைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.